தவிட்டுக்காரரின் கட்டைவிரல்

மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் கெடா மாநிலத்திலேயே மிகப் பயங்கரமான ஆள் யார் என்று என்னைக் கேட்டால், இடுப்பில் வாள் தொங்கவிட்டிருந்த யாரையும் சொல்ல மாட்டேன். தவிட்டுக்காரரைத்தான் சொல்வேன். அவரிடம் இருந்தவை தோளில் ஒரு கோணிப்பை, வலது கையில் ஒரு கட்டைவிரல். அவ்வளவுதான்.

சிரிக்காதீர்கள். அந்தக் கட்டைவிரலுக்குப் பயந்து நான் ரப்பர் மரத்தின் பின்னால் ஒளிந்திருக்கிறேன். ரப்பர் மரம் ஓர் ஆளை மறைக்கும் அளவுக்குப் பருக்காது என்பது தோட்டத்தில் பிறந்த எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒளிந்தேன். பக்கவாட்டில் நின்றால் மறைந்துவிடலாம் என்று நம்பினேன். அப்போது நான் அவ்வளவு ஒல்லி. இப்போது என் வயிற்றைப் பார்க்கிறவர்கள் இதை நம்புவதில்லை.

எங்கள் தோட்டத்துக்குத் திகாம் பத்துவிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போக வேண்டும். சண்டை வந்ததும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் நின்றுபோனது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கு, அதாவது லயத்துக்கு, பின்னால் மரவள்ளி நட்டோம். காலையில் கிழங்கு, மத்தியானம் கிழங்கு, மாலையில் ஒரு மாறுதலுக்காகக் காலையில் மீந்த கிழங்கு. நடுநடுவே கூப்பனுக்குக் கைப்பிடி அரிசி கிடைக்கும். அது வெள்ளைவெளேரென்று தீட்டிய பச்சரிசி. சண்டைக்கு முன்னால் நாங்கள் தின்றது ரங்கூன் புழுங்கல். அந்தப் புழுங்கலை நினைத்துக் கண் கலங்காத ஆள் லயத்தில் இல்லை. ஆனால் எதற்காகக் கலங்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியாது. அது தெரிந்த ஒரே ஆள் தவிட்டுக்காரர்.

அவருடைய பெயரைக் கேட்டவர் யாரும் இல்லை. சண்டைக்கு முன்னால் ஏதோ ஒரு பட்டணத்து ஆஸ்பத்திரியில் வார்டு கழுவிக்கொண்டிருந்தாராம். இப்போது மெர்போக் பக்கத்து மலாய்க் கிராமங்களுக்கு, கம்பங்களுக்குப் போவார். அங்கே காலால் மிதித்து நெல் குத்தும் பெரிய உரல் இருக்கும். அரை நாள் உரல் மிதித்துக் கொடுத்துவிட்டு, கூலியாகத் தவிடு கேட்பார். டெடாக் என்று அவர்கள் வாத்துக்குப் போடுகிற பொருள் அது. இந்த மனிதர் மூட்டை மூட்டையாகத் தூக்கிப்போவதைப் பார்த்து, இவரிடம் ஏகப்பட்ட வாத்துகள் இருப்பதாகக் கம்பத்து ஜனங்கள் நினைத்தார்கள். அந்த வாத்துகள் நாங்கள்தான்.

முதல் தடவை அவர் வந்தது ஒரு முற்பகல் நேரம். என் மனைவி லெட்சுமி குழாயடியில் அரிசி கழுவிக்கொண்டிருந்தவள், சட்டியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தாள்.

"ஏங்க, வெளிய ஒருத்தரு அரிசி கழுவுன தண்ணிய மக்குல புடிச்சுக் குடிக்கிறாரு."

"குடிச்சா குடிச்சிட்டுப் போறாரு."

"குடிச்சிட்டு உங்க கால கேக்குறாரு."

என் காலை இதுவரை யாரும் கேட்டதில்லை. வெளியே போனேன். எலும்பும் நரம்புமாக ஓர் ஆள், சாக்கில் தைத்த கால்சட்டை, கையில் தகர மக்கு. லெட்சுமியைப் பார்த்து, "இதப் போயி கொட்டுறியே தாயி. சத்தக் கொட்டிட்டுச் சக்கைய வடிச்சுப் போடுற," என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் என் முழங்காலைப் பார்த்துப் பேசினார்.

"கால நீட்டு தம்பி."

"எதுக்குண்ணே?"

"நீட்டு, சொல்றேன்."

நீட்டினேன். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்துவிட்டு, கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிறவர் மாதிரி அந்த இடத்தையே உற்றுப் பார்த்தார். "ம்" என்றார். எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

பக்கத்து வீடு மாணிக்கம் அண்ணனுடையது. மாணிக்கம் அண்ணன் காலில் அழுத்தியபோது குழி விழுந்தது. விழுந்த குழி மேலே வரவே இல்லை. ஒரு கொண்டைக்கடலையை அதில் வைத்திருக்கலாம். தவிட்டுக்காரர் இடுப்பிலிருந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்தார். விரலில் சுண்ணாம்பைத் தொட்டு மாணிக்கம் வீட்டு நிலைக்காலில் ஒரு பொட்டு வைத்தார்.

"கால்ல தண்ணி கோக்குது. பெரிபெரி," என்றார்.

மாணிக்கம் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது டவுன்ல சீனங்களுக்கு வர்ற நோய்லா. நம்ம ஆளுங்களுக்கு எப்ப வந்திருக்கு?"

"அவங்க தின்னது பச்சரிசி. நீ தின்னது புழுங்க அரிசி. இப்ப நீயும் பச்சரிசிதான. நோய்க்கு ஆள் அடையாளம் தெரியாதுப்பா, அரிசிதான் தெரியும்." கோணிப்பையிலிருந்து ஒரு பொட்டலம் தவிடு எடுத்துக் கொடுத்தார். "தேங்காயப் போட்டு அவிச்சுத் தின்னு. மரவள்ளிக் கொழுந்த நல்லா வேகவச்சுத் தின்னு. பயறு கெடச்சா விடாத. பொட்டு வச்ச வீட்டுக்கு வாரம் ரெண்டு தடவ கொண்டாருவேன்."

காசு வாங்கவில்லை. அந்த நிமிஷமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சுங்கை பட்டாணியில் இப்போது ஒரு டாக்டரிடம் போகிறேன். உடம்பில் சர்க்கரை இருக்கிறது, வெள்ளைச் சோற்றைக் குறை, கீரை தின்னு, காலையில் நட என்கிறார். பாதி தவிட்டுக்காரர் சொன்னதேதான். ஆனால் காசு வாங்கிக்கொண்டு சொல்வதால் எனக்கு நம்பிக்கை வருகிறது. சும்மா சொல்கிறவனை எப்படி நம்புவது?

அதுவும் எந்தக் காலத்தில்? சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில். லோரி வரும், ஆட்களை ஏற்றும், போகும். போனவர்களிடமிருந்து ஒரு கடுதாசி வந்ததில்லை. இப்படிப்பட்ட காலத்தில் ஓர் ஆள் தோட்டம் தோட்டமாகப் போய் ஆண்பிள்ளைகளின் காலை அழுத்திப் பார்த்து, வீட்டு வாசலில் அடையாளமும் வைத்தால் என்ன அர்த்தம்? ரயில் பாதை போட என்ன வேண்டும்? கால் வேண்டும்.

என்னிடம் வேறு சாட்சியமும் இருந்தது. பட்டணத்து எல்லையில் ஜப்பான்காரன் ஒரு சோதனைச் சாவடி வைத்திருந்தான். அதைக் கடக்கும் எல்லாரும் காவலுக்கு நிற்கிற சிப்பாய்க்குக் குனிந்து வணக்கம் போட வேண்டும். நாங்கள் எல்லாம் முதுகு வலிக்காத அளவுக்குக் குனிந்து எழுந்துவிடுவோம். தவிட்டுக்காரர் மட்டும் குனிந்தால் எழுந்திருக்கவே மாட்டார். சிப்பாயின் பூட்ஸுக்கு முத்தம் கொடுக்கப் போகிறாரோ என்று தோன்றும். நானே இரண்டு தடவை கண்ணால் பார்த்தேன். இப்படிக் குனிகிறவன் அவர்கள் ஆளாக இல்லாமல் வேறு யாருடைய ஆளாக இருப்பான்?

"அவரு பைத்தியம்ங்க," என்றாள் லெட்சுமி.

"அதத்தான் நீ நெனைக்கணும்னு அவரு நெனைக்கிறாரு," என்றேன்.

முதலில் என் கவலை மாணிக்கம் அண்ணனுக்காக மட்டும் இருந்தது. பொட்டு அவர் வீட்டில். என் வீட்டில் இல்லை. அடுத்த லோரியில் அவர் போய்விடுவார் என்று நினைத்து, அவரைப் பார்க்கும்போதெல்லாம் துக்கமாகச் சிரித்து வைத்தேன். அவரும் எதற்கென்று தெரியாமல் சிரித்தார். லோரி வந்தது. மேல் லயத்திலிருந்து இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு போனது. அன்று மத்தியானம் அந்த இரண்டு வீட்டு நிலைக்கால்களையும் போய்ப் பார்த்தேன்.

பொட்டு இல்லை.

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஆக, பொட்டு இருந்தால் ஆள் வேலைக்கு ஆகமாட்டான். பொட்டு இல்லாவிட்டால் ஆள் திடம், பிடித்துக்கொள். எவ்வளவு தந்திரம் பாருங்கள். என் கால் குழி விழாத கால். எங்கள் வீட்டு நிலைக்காலோ கழுவி விட்டதுபோல் சுத்தமாக இருந்தது. வீட்டுக்கு ஓடினேன். லெட்சுமியின் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து, சுண்ணாம்பை எடுத்து, எங்கள் வீட்டு வாசலில் நானே ஒரு பொட்டு வைத்தேன். பயத்தில் இருந்த சுண்ணாம்பையெல்லாம் வழித்துவிட்டதால் அது பொட்டாக வராமல் பப்படம் அளவுக்கு வந்துவிட்டது.

லெட்சுமி வந்து பார்த்தாள். "இது என்னாது?"

"பாதுகாப்பு."

"வெத்தலைக்கு வச்சிருந்த கடைசிச் சுண்ணாம்பு அது."

"சயாமுக்குப் போயிட்டா யாரு வெத்தல போடறது?"

"நான் போடுவேன்," என்றாள்.

இரண்டு நாள் கழித்து, காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒரு பொட்டலம். உள்ளே தவிடு. என் பயம் இரண்டு மடங்காயிற்று. இது எதற்கு? தேற்றுவதற்கு. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட கிடாய்க்குத் தழை போடுவதில்லையா, அந்த மாதிரி. தவிட்டைத் தின்றால் கால் திடமாகும், திடமானால் பொட்டை அழிப்பார், அழித்தால் லோரி. "இத நான் தொடமாட்டேன். கோழிக்குப் போடு," என்று லெட்சுமியிடம் உத்தரவிட்டேன். அதோடு நிற்கவில்லை. தவிட்டுக்காரர் எதையெல்லாம் தின்னச் சொன்னாரோ அதையெல்லாம் விட்டேன். கீரை வேண்டாம், பயறு வேண்டாம், கழுநீர்க் கஞ்சி வேண்டாம். பச்சரிசியைப் பளபளவென்று கழுவி வடித்துப் போடு, மீதிக்குக் கிழங்கு போதும் என்றேன். ஒரு மனிதன் நோய் வரவேண்டும் என்று இவ்வளவு ஒழுங்காகப் பத்தியம் இருந்தது கெடா சரித்திரத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கோழிகள் கொழுத்தன. எங்கள் சேவல் நடக்கிற நடையைப் பார்த்து மாணிக்கம் வீட்டு நாய் ஒதுங்கிப் போயிற்று. அந்த மாணிக்கம் அண்ணனும் பொட்டலத் தவிட்டை முகம் சுளித்தபடி தின்று, ஒரு மாதத்தில் விறகு பிளக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அவர்மேல் பரிதாபம்தான் வந்தது. மாட்டிக்கொள்ளப் போகிறார், பாவம்.

எனக்கும் கடைசியில் நல்ல காலம் பிறந்தது. ஒரு நாள் காலை, கணுக்கால் இருந்த இடத்தில் கணுக்காலைக் காணோம். காலும் பாதமும் ஒரே தூணாக இருந்தன. கட்டைவிரலால் அழுத்தினேன். குழி விழுந்தது, நின்றது. லெட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"பாத்தியா. விழுந்திருச்சு."

அவள் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். "இதுக்கா சிரிக்கிறீங்க?" என்றாள்.

அடுத்த வாரத்தில் என் சிரிப்பு குறைந்தது. ஆடுசதை குத்தியது. பாதம் மரத்துப்போய், செருப்பு கழன்று விழுந்தாலும் தெரியவில்லை. நாலு எட்டு வைத்தால் நெஞ்சுக்குள் யாரோ நெல் குத்துவது மாதிரி இருந்தது. கிழங்கு பிடுங்கக் குந்தினால் எழுந்திருக்க முடியவில்லை. தவழ்ந்து மரத்தைப் பிடித்துத்தான் எழுந்தேன். இருந்தாலும் லோரி வரும்போது இந்தக் கால் என்னைக் காப்பாற்றும் என்று அதைத் தடவிக் கொடுத்துக்கொண்டேன்.

லோரி வந்தது. காலையில் தகரம் தட்டி எல்லா ஆண்பிள்ளைகளையும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு சிப்பாய், கையில் பிரம்பு. பக்கத்தில் மொழி சொல்ல எங்களை வேலை வாங்குகிற மண்டோர். நான் வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக் கட்டி, இரண்டு கால்களையும் காட்சிக்கு வைத்த மாதிரி நின்றேன். சிப்பாய் பிரம்பை நீட்டினான். இவன், இவன், இவன். மூன்றாவது இவன் நான்.

என் திட்டத்தில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. அவன் காலையே பார்க்கவில்லை.

"மண்டோரே, காலு வீங்கியிருக்கு, பாருங்க," என்றேன்.

"அங்க போயி வத்திரும்லா. ஏறு."

லோரியின் பின்பலகையைப் பிடித்து ஒரு காலைத் தூக்கினேன். தூக்கினேன் என்று நான்தான் நினைத்தேன். கால் தரையிலேயே இருந்தது. மறுபடி முயன்றேன். அப்படியே சரிந்து குந்திவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது. லெட்சுமி கூட்டத்திலிருந்து ஓடி வர, மண்டோர் அவளைத் தடுக்க, சிப்பாய் பிரம்பை ஓங்கிக்கொண்டு வந்தான். சயாம் போய்ச் சேருவதற்கு முன்னால் இங்கேயே போய்ச் சேரப் போகிறேன் என்று தெரிந்துவிட்டது.

அப்போது அந்தக் கோணிப்பை எனக்கு முன்னால் வந்து விழுந்தது. பொட்டலம் வைக்க வந்த தவிட்டுக்காரர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, சிப்பாய்க்கும் எனக்கும் நடுவில் குந்தினார். சாவடியில் குனிந்தாரே, அதே ஆழத்துக் குனிவு. என் காலை இழுத்து, கட்டைவிரலால் அழுத்தி, விழுந்த குழியைச் சிப்பாய்க்குக் காட்டினார்.

"காக்கே, துவான். காக்கே."

பிரம்பு நின்றது. துவான் என்றால் மலாயில் ஐயா. காக்கே அவர்கள் ஊர் வார்த்தை, பெரிபெரிக்கு. சிப்பாய் என் பக்கத்தில் குந்தினான். தன் விரலால் ஒரு தடவை அழுத்திப் பார்த்தான். அதன் பிறகு அவன் செய்ததைக் களத்தில் இருந்த யாரும் மறந்திருக்க முடியாது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தன் காலில் சுற்றியிருந்த துணிப்பட்டையை மெதுவாக அவிழ்த்தான். தன் முன்னெலும்பில் விரலை வைத்து அழுத்தினான். எடுத்தான்.

குழி. என்னுடையதைவிட ஆழம்.

தவிட்டுக்காரர் அந்தக் குழியையும் கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிற மாதிரியே பார்த்தார். "ம்" என்றார். பையில் கைவிட்டு ஒரு பிடி தவிடு எடுத்தார். முதலில் கொஞ்சம் தன் வாயில் போட்டு மென்று காட்டினார். மீதியை நீட்டினார். சிப்பாய் மோந்து பார்த்தான். தின்றான்.

சிப்பாய் மண்டோரிடம் என்னவோ சொன்னான். மண்டோர் என்னைப் பார்த்து, "நீ வீட்டுக்குப் போ," என்றார். தவிட்டுக்காரரைப் பார்த்து, "நீ ஏறு. மூட்டையோட. முன்னுக்கு, துவான் பக்கத்துல," என்றார்.

தவிட்டுக்காரர் வாதாடவில்லை. லெட்சுமியிடம் திரும்பினார். "தாயி, தவிடு மெர்போக்குல கெடைக்கும். டெடாக்னு கேளு. வாத்துக்குன்னு சொன்னா குடுப்பாங்க." பிறகு, முதல் தடவையாக, என் முகத்தைப் பார்த்துப் பேசினார். "உன் வீட்டுப் பொட்டு நான் வச்சதில்லன்னு அன்னைக்கே தெரியும் தம்பி. எம்பொட்டு அவ்வளவு பெருசா இருக்காது. எவனோ கேட்டு வாங்கக் கூச்சப்படுறான், பசி போலன்னுதான் வச்சிட்டுப் போனேன்."

தூக்கிக் கட்டியிருந்த வேட்டியை அவிழ்த்துக் காலை மூடிக்கொண்டேன்.

"ஏண்ணே போறீங்க? முடியாதுன்னு சொல்லுங்க," என்றாள் லெட்சுமி.

"சொன்னா விடுவானா? அங்க போனவங்களுக்கும் காலு இருக்குல்ல தாயி."

லோரி போயிற்று. என் உயிரைக் காப்பாற்றிய மனிதர் கண்ணை விட்டு மறைகிறார். நான் சொன்னது என்ன தெரியுமா? வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

"பாத்தியா, முன்சீட்டு. நான் அப்பவே சொன்னேன்ல, அவங்க ஆளுன்னு."

லெட்சுமி குனிந்து, என்னை முதுகில் தூக்கிக்கொண்டு லயத்தைப் பார்த்து நடந்தாள். ஒரு தடவைகூட இறக்கி வைக்கவில்லை. பாதி வழியில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"லெட்சுமி, உனக்கு மட்டும் ஏது இவ்வளவு பலம்?"

"கோழிக்குப் போடச் சொன்னீங்களே, அதக் கோழி மட்டுமா தின்னுச்சு?"

தவிட்டுப் புட்டு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள், பழைய பாயை ஊறவைத்து ஒரு ஓரத்தைக் கடித்துப் பாருங்கள். தேங்காயைத் தூவி லெட்சுமி ஊட்டினாள், நான் விழுங்கினேன். சில நாளில் நெஞ்சுக்குள் நெல் குத்துவது நின்றது. ஒரு மாதத்தில் கணுக்கால் தன் பழைய இடத்துக்கு வந்தது. லெட்சுமி மெர்போக்குக்கு நடந்து, உரல் மிதித்து, வாத்துக்கென்று தவிடு வாங்கி வந்தாள். பின்னால் நானும் போய் மிதித்தேன். சோதனைச் சாவடி விஷயத்தை, அங்கிருந்த சிப்பாயிடமே கேட்டறிந்த மண்டோர் ஒரு நாள் சொன்னார். தவிட்டுக்காரர் அங்கே அவ்வளவு நேரம் குனிந்தது வணக்கத்துக்காக இல்லையாம். குனிந்தபடியே காவல்காரனின் காலைப் பார்த்திருக்கிறார். வீங்கியிருப்பதைச் சைகையால் சொல்லப்போய், அவனிடமிருந்தே அந்த வார்த்தையைக் கற்றிருக்கிறார்.

சண்டை முடிந்தது. தோட்டத்தில் மறுபடி பால் வெட்டு ஆரம்பித்தது. சயாமுக்குப் போனவர்களில் திரும்பியவர்களை விரல்விட்டுச் சொல்லிவிடலாம். ஒரு முற்பகல் நேரம், குழாயடியிலிருந்து லெட்சுமி கூப்பிட்டாள்.

"ஏங்க. உங்க கால கேக்குறாங்க."

அதே கோணிப்பை. அது காலி. அதைத் தூக்கி வந்த ஆளும் பாதியாகியிருந்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. குந்தினார், நான் நீட்டினேன், அழுத்தினார். குழி விழவில்லை. "ம்" என்றார். அந்த ஒற்றை எழுத்துக்கு இவ்வளவு சந்தோஷம் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

எழுந்திருக்கப் பார்த்தார். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றினார், முடியவில்லை, குழாய்க் கம்பியைப் பிடித்தார். அந்த எழுந்திருப்பு எனக்கு நன்றாகத் தெரிந்த எழுந்திருப்பு.

"கால நீட்டுங்கண்ணே," என்றேன்.

"நடந்து வந்த வீக்கம் தம்பி. எதுக்கு?"

"நீட்டுங்க, சொல்றேன்."

தயங்கித் தயங்கி நீட்டினார். ஊரார் காலையெல்லாம் பார்த்தவருடைய காலை யாரும் பார்த்ததில்லை போலிருக்கிறது. கூச்சத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். எடுத்தேன். குழி நின்றது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே லெட்சுமி அதற்குள் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டாள். தவிடு அவியும் வாசனை வந்தது.

அவருக்கென்று ஒரு வீடு இல்லை, வாசல் இல்லை, நிலைக்கால் இல்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ப் பாயில் உட்கார வைத்தேன். செல்லத்திலிருந்து சுண்ணாம்பை எடுத்து வந்து, எங்கள் வீட்டு நிலைக்காலில் ஒரு பொட்டு வைத்தேன். அது கொஞ்சம் பெரிதாகத்தான் வந்தது. ஆனால் இந்தத் தடவை அது கள்ளப் பொட்டு இல்லை.